எஞ்சிய உலோகம்

1

மோட்டார் வண்டிகளைப் பழுது பார்ப்பவர்களிடையே 'ஜீரோ கண்டிஷன்' என்று ஒரு வார்த்தை வழங்குகிறது. எஞ்சினைப் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, மறுபடியும் பூட்டிவிட்டால் வண்டி ஜீரோ கண்டிஷனுக்கு வந்துவிட்டது என்பார்கள். ஓடிய ஓட்டம் அத்தனையும் கழிந்து, கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். வியாபாரத்துக்கு வேண்டிய மிகை என்று இதை விட்டுவிடலாம்தான். ஆனால் இதே வார்த்தையை வேறு உடுப்பில் நாமும் உபயோகித்துக்கொண்டிருக்கிறோம். மரபைப் புதுப்பித்தல், மொழியை மீட்டெடுத்தல், கோயிலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் என்றெல்லாம் எழுதும்போது நம் மனசில் இருப்பதும் இந்தப் பூஜ்யம்தான். பழுது பார்த்தல் என்பது இழந்ததைத் திருப்பித் தரும் காரியம் என்ற எண்ணத்தை நாம் சந்தேகிப்பதில்லை.

சென்ற வருஷம் கோடையில், கெங்குவார்பட்டியில், ஒரு பழைய டீசல் காரின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் வேலையில் விடுமுறை நாட்களிலெல்லாம் கூட இருந்தேன். எனக்கு இந்தச் சந்தேகம் அங்கேதான் ஏற்பட்டது. பழுது பார்க்கும்போது நாம் தருகிறோமா, எடுக்கிறோமா? எடுக்கிறோம் என்றால் எவ்வளவு எடுக்க நமக்கு உரிமை உண்டு? யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்?

2

கார் என் தாய்மாமாவுடையது. 1980-களில் பதிவான டீசல் அம்பாஸடர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980-ஐ ஒட்டி அந்தக் காரில் பொருத்த ஆரம்பித்த பி.எம்.சி. டீசல் எஞ்சின், நான்கு சிலிண்டர், 1489 சி.சி. உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. மாமாவுக்கு அது எத்தனையாவது கை என்பது அவருக்கே நிச்சயமில்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு வாடகை ஓடிக்கொண்டிருந்த வண்டி என்பது மட்டும் தெரியும். இப்போது அது மாந்தோப்புக்கும் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குமாக வாரத்துக்கு இரண்டு தடவை போய்வருகிறது. பதினைந்து வருஷம் முடிந்தபின் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதிப்படி பல தடவை புதுப்பித்தாயிற்று.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் ஏறி அமுக்குகிறது. அந்த அமுக்கத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அதில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் உள்ள நெருக்கம் இந்த எஞ்சினுக்கு உயிர் போன்றது. பெட்ரோல் எஞ்சின் தேய்ந்தால் பலம் குறையும், ஆனாலும் பொறி வந்துகொண்டிருக்கும். டீசல் எஞ்சின் தேய்ந்தால் அதன் நெருப்புக்கே ஆபத்து. மாமாவின் கார் காலையில் கிளம்ப மறுத்தது. கிளம்பியபின் நீலப் புகை. தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி மசகெண்ணெய் மேலேறி எரிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் அதைப் பெரிய ஆலைகளுக்காக மட்டும் யோசிக்கவில்லை. நீராவி எஞ்சினை வைத்துக்கொள்ளப் பெரிய முதலாளியால்தான் முடியும். சிறு தொழிலாளி தன் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு சக்தி வேண்டும் என்பது அவருடைய ஆசைகளில் ஒன்று. எஞ்சின் 1897-இல் ஆக்ஸ்பர்க்கில் வெற்றிகரமாக ஓடிற்று. 1903-இல் அவர் தொழிலாளர் ஒருமைப்பாட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எஞ்சின் உலகத்தைப் பிடித்துக்கொண்டது. புத்தகத்தை யாரும் சட்டை செய்யவில்லை. 1913-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து அவர் காணாமல் போனார். கெங்குவார்பட்டியில் ஒரு மாட்டுக் கொட்டகையில், இரும்பு உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டி அந்த எஞ்சினை இறக்கியபோது, அவர் நினைத்த இடத்துக்கு அது ஒரு நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்ததாகத் தோன்றிற்று.

வீட்டில் செய்த வேலை என்பது பாதி உண்மைதான். பிரிப்பது, டீசலில் கழுவுவது, அளப்பது, வால்வுகளை அரைத்து உட்கார வைப்பது, திரும்பப் பூட்டுவது, டைமிங் வைப்பது இவை வீட்டில். சிலிண்டரைக் கடைவதும் கிராங்கைத் தீட்டுவதும் வத்தலக்குண்டு லேத் பட்டறையில். போல்ட்டுகளெல்லாம் வரிசையாகத் தேங்காய்ச் சிரட்டைகளில். என் வேலை விளக்குப் பிடிப்பதும், எங்கிருந்தோ கிடைத்த ஆங்கில மானுவலை வாசித்துத் தமிழில் சொல்வதும். பி.ஏ. ஆங்கிலம் படித்ததற்கு அம்மா வீட்டில் முதன்முதலாக ஒரு உபயோகம் ஏற்பட்டது என்று அத்தை சொன்னாள்.

3

ஹெட்டைக் கழற்றியதும் மாமா என் விரலைப் பிடித்து சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்தார். நகம் ஒரு படியில் தட்டிற்று. ரிங் எட்டும் உச்சத்துக்கு மேலே சுவர் தேயவில்லை, கீழே தேய்ந்திருக்கிறது. அந்த எல்லைதான் படி. கேஜ் வைத்து அளந்தால் இன்னொன்றும் தெரிந்தது. தேய்மானம் எங்கும் ஒரே மாதிரி இல்லை. வெப்பமும் அழுத்தமும் அதிகமான மேல்பகுதியில் அதிகம், கீழே குறைவு. பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கத்தில் அதிகம், எஞ்சினின் நீளவாக்கில் குறைவு. வட்டமாக இருந்தது முட்டை வடிவாகவும், நேர்க்குழாயாக இருந்தது புனலாகவும் ஆகிக்கொண்டிருந்தது. வண்டி ஏறிய ஏற்றங்கள், சுமந்த சுமை, எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய மாதங்கள் எல்லாம் இந்தச் சீரற்ற வடிவில்தான் பதிந்திருக்கின்றன.

இதைச் சரிசெய்ய ஒரே வழி, மறுபடியும் வட்டமாக்குவது. இழந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே மிக அதிகமாகத் தேய்ந்த புள்ளி எதுவோ, அதையும் தாண்டிச் சுற்றிலும் கடைய வேண்டும். தேயாமல் நின்ற பக்கத்து உலோகமும் சேர்ந்து போகிறது. பழுதான ஒரு மூலைக்காகப் பழுதில்லாத மூன்று பக்கமும் தண்டம் கட்டுகிறது. கிராங்கிலும் இதே கதை, தலைகீழாக. சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் பெரிதாகிறது. கிராங்கின் கழுத்து ஒவ்வொரு தடவையும் சிறிதாகிறது. முன்னதற்குப் பெரிய பிஸ்டன், பின்னதற்குத் தடித்த பேரிங். எஞ்சின் ஓடுவது பழைய மாதிரிதான். ஆனால் உள்ளே உலோகம் குறைந்துகொண்டே வருகிறது.

இரண்டாம் நாள் பிஸ்டன் தலையில் கட்டியிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கரிக்கு அடியிலிருந்து மூன்று எண்கள் வந்தன: 030. அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது. எஞ்சின் பிறந்தபோது சிலிண்டரின் குறுக்களவு 73.025 மில்லிமீட்டர். யாரோ, எப்போதோ, அதிலிருந்து 0.762 மில்லிமீட்டர் ஏற்கெனவே கடைந்திருக்கிறார்கள். மாமா அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நமக்கு முன்னாடி எவனோ சாப்பிட்டுட்டுப் போயிருக்கான் மாப்ள" என்றார்.

அந்த எஞ்சினுக்கு எங்களால் தேடிக் கண்டுபிடிக்க முடிந்த பிஸ்டன் நாற்பது வரைதான். மிச்சம் பத்து. இரண்டு பக்கத்துக்கும் பங்கிட்டால் ஒரு பக்கத்துக்கு 0.127 மில்லிமீட்டர். நாம் கவிதை எழுதும் தாளின் கனத்தைவிடச் சற்று அதிகம்.

4

மாறியும் அதுவாகவே இருப்பது எது என்ற கேள்விக்குப் பழைய உதாரணங்கள் உண்டு. தீஸியஸின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்ததாகவும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்ததாகவும், அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரு கட்சியாக வாதிட்டதாகவும் புளூடார்க் எழுதியிருக்கிறார். மிலிந்த பன்ஹாவில் நாகசேனர் மிலிந்த மன்னனிடம் ரதத்தைப் பற்றிக் கேட்கிறார்: அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகம் ரதமா? எதுவும் ரதமில்லை, இவையெல்லாம் கூடிய இடத்தில் வழங்கும் பெயர்தான் ரதம். நம் சட்டமும் ஏறக்குறைய நாகசேனரின் கட்சிதான். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின் நம்பரும் சாஸி நம்பரும் சான்றில் உள்ளபடியே இருக்கிறவரை, நாற்பது வருஷத்துக்குப் பின்னும் அது அதே கார்.

கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது இந்த இரண்டு உதாரணங்களும் எனக்கு ஒரு விதத்தில் சௌகரியமானவையாகப்பட்டன. இரண்டிலும் பழைய பலகை போகிறது, புதுப் பலகை வருகிறது. வரவும் செலவும் சமம். கப்பல் மெலிவதில்லை. மாறாமல் தங்கியிருப்பதன் கதியை யாரும் கேட்கவில்லை. எஞ்சினில் பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு எல்லாம் மாறலாம். அவற்றில் தத்துவச் சிக்கல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சிக்கல் மாறாமல் இருக்கும் பிளாக்கில். அதே நம்பர், அதே வார்ப்பு. ஒவ்வொரு பழுதுபார்த்தலிலும் சுவர் கொஞ்சம் மெலிந்து, தொடர்ந்து அதுவாகவே இருக்கிறது. தொடர்ச்சி என்று நாம் மரியாதையோடு குறிப்பிடுவது பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான் என்று நினைக்கிறேன். மரபின் சாரம் அழியாமல் கைமாறி வருகிறது என்பவர்கள் கப்பலை மனசில் வைத்துப் பேசுகிறார்கள். கைமாறுவதற்குள் ஒவ்வொரு கையும் எவ்வளவு கடைந்தது என்று அவர்கள் பார்ப்பதில்லை.

கோயில்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கும்பாபிஷேகத்துக்காகச் சுவர்களைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலை வேகமாக வீசியடித்ததில், எண்ணெய்ப் பிசுக்கோடு கல்லின் தோலும் போயிற்று. பல இடங்களில் சிற்பத்தின் கூர்மையும் கல்வெட்டின் எழுத்தும் மழுங்கின. சுவர் பார்க்கப் புதிதாயிற்று. 030 போட்டவர் எங்கள் எஞ்சினுக்குச் செய்ததும் இதுவாக இருக்கலாம். அவருக்கு உண்மையில் முப்பது தேவைப்பட்டதா, இருபதில் சரியாகக்கூடியதை அந்த அளவு பிஸ்டன் கடையில் இல்லை என்பதற்காக முப்பதாகக் கடைந்தாரா என்பதை இப்போது கண்டுபிடிக்க வழியில்லை. கடைந்த தடத்தை அவருடைய அடுத்த வேலையே அழித்துவிட்டது.

5

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, கடையாமல் ரிங்குகளை மட்டும் மாற்றுவது. முட்டை வடிவச் சுவரில் வட்டமான ரிங் முழுதாகப் படியாது. புகை குறையும், நிற்காது. இரண்டாவது, மிச்சமிருக்கும் பத்தையும் எடுத்து நாற்பதாக்குவது. மூன்றாவது, ஸ்லீவ். அதாவது சிலிண்டரை இன்னும் அகலமாகக் கடைந்து, உள்ளே புதுக் குழாயை இறுக்கிப் பழைய 73.025-க்கே கொண்டுவருவது. ஜீரோ கண்டிஷன் என்ற பேச்சுக்கு மிக நெருங்கியது இதுதான். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்காகத்தான் மற்ற எல்லா வழிகளையும்விட அதிக உலோகத்தை வெட்ட வேண்டும். மெலிந்த சுவர் குழாயின் இறுக்கத்தைத் தாங்குமா என்று லேத்காரர் உறுதி சொல்லவில்லை. கூலியும் அதிகம். அதை விட்டுவிட்டோம்.

நான் முதல் வழிக்காக வாதாடினேன். இருப்பதைத் தொடாதே என்பது நம் போன்றவர்களின் பயிற்சி. உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடுகளில் கிடைக்காத பாட்டுகளையும் சிதைந்த அடிகளையும் தாமே இட்டு நிரப்பிவிடவில்லை. 267, 268-ஆம் பாட்டுகள் இன்றும் இல்லாமலே இருக்கின்றன. சிதைந்த இடங்கள் புள்ளிகளாக நிற்கின்றன. என் கணக்கில் தமிழில் நடந்த மிக நேர்மையான பழுதுபார்த்தல்களில் அது ஒன்று. தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைக்கிற கட்டுப்பாடு. அதே நியாயப்படி, கடைசிப் பத்தை நாம் எடுக்கக் கூடாது. பின்னால் வருகிறவருக்கு விட வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன். அவருக்குப் புறநானூற்றைப் பற்றிச் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னேன்.

"நீ சொல்றது சரிதான் மாப்ள. விட்டு வைக்கலாம். அதுவரைக்கும் அந்தப் புகையை யாரு குடிக்கிறது?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. சிதைந்த அடிக்குப் பதில் புள்ளி இருந்தால் வாசகன் அந்த இடத்தில் நின்று, தாண்டிப் போகிறான், யாருக்கும் நஷ்டமில்லை. எஞ்சினில் விட்டுவைத்த இடைவெளி சும்மா இருப்பதில்லை. அது எரியாத எண்ணெயாகவும் நீலப் புகையாகவும் வெளியே வந்து, பின்னால் சைக்கிளில் வருகிறவனின் மூச்சில் போய்ச் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று ஐயமின்றி முதல் பிரிவில் சேர்த்தது. பழம்பொருளின் உடம்பைக் காப்பாற்றுவதற்கான விலையை அதற்குச் சம்பந்தமில்லாதவர்கள் கொடுக்க வேண்டும் என்றால், பாதுகாத்தல் என்பதன் அர்த்தமே மாறிவிடுகிறது. நான் மிச்சம் பிடிக்கச் சொன்னது என்னுடைய செலவில் இல்லை.

ஆகவே நாற்பது. கடைசிப் பத்தும் போயிற்று. பிளாக் பட்டறையிலிருந்து திரும்பி வந்தபோது உள்ளே கை வைத்துப் பார்த்தேன். நகத்துக்குப் படி தட்டவில்லை.

6

அப்போது ஒன்று கவனித்தேன். சிலிண்டர் சுவர் கண்ணாடி போல் வழவழவென்று இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். சுவர் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள். பட்டறையின் கவனக்குறைவு என்று நினைத்து மாமாவிடம் காட்டினேன். அவர் சிரித்தார். கடைந்து முடித்தபின் ஹோனிங் கல்லை விட்டு, வேண்டுமென்றே போடும் கீறல்கள் அவை. எண்ணெய் அந்தக் கீறல்களில்தான் தங்கும். சுவர் வழவழவென்று ஆகிவிட்டால் எண்ணெய் நிற்காது, ரிங்கும் சுவரோடு படியாது; புது எஞ்சினே புகைக்கும்.

அதோடு வேலை முடிவதுமில்லை. முதல் ஆயிரம் கிலோமீட்டர் நிதானமாக, ரொம்பச் சுமை ஏற்றாமல், ஆனால் சும்மாவும் ஓடவிடாமல் ஓட்ட வேண்டும். அந்த ஓட்டத்தில் ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று தேய்த்து ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. கடைசி வேலையைச் செய்வது லேத் மெஷின் இல்லை, ஓட்டம். அதுவும் ஒரு தேய்மானம்தான். தேய்மானத்தை நீக்கிவிட்டோம் என்று நாம் நிமிரும் நேரத்தில், அது சரியாக வருவதற்கே இன்னும் கொஞ்சம் தேய வேண்டியிருக்கிறது. பழசைத் துடைத்துப் பளபளவென்று ஒப்படைக்கிற நம் மறுபதிப்புகளையும், சங்கச் சொற்களைப் புது மெருகோடு பூட்டிய நம் கவிதைகள் சிலவற்றையும் இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். அவற்றில் எதுவும் தங்குவதில்லை என்பதற்கு நான் இதுவரை வேறு காரணங்கள் சொல்லிவந்திருக்கிறேன்.

7

இதோடு நியாயம் தீர்ந்துவிட்டது என்று முடித்தால் பொய்யாகும். நாற்பது போட்டது நீலப் புகையை நிறுத்திற்று. ஆனால் பாரத் ஸ்டேஜ் வரம்புகள் 2000-இல்தான் வந்தன. இந்த எஞ்சின் அவற்றுக்கெல்லாம் முந்தியது. எவ்வளவு நன்றாகப் பூட்டினாலும் பிறப்பில் இருந்ததைவிடச் சுத்தமாக அது ஆகாது. டில்லி வட்டாரத்தில் பத்து வருஷம் கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை அமல்படுத்தச் சொன்னது. அந்த உத்தரவு கெங்குவார்பட்டிக்கு வராது. டில்லிக்காரர்களின் நுரையீரலும் நம்முடையதும் வேறில்லை என்பதால், வராதது மட்டுமே ஒரு சமாதானமாகாது.

மறுபக்கம், கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன் புறப்படும் ஜீப்புகள் இருக்கின்றன. கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிற வண்டிகள். அவற்றில் பல எத்தனையோ தடவை பிரித்துப் பூட்டப்பட்டவை. அவற்றை ஒரே நாளில் எடைக்குப் போடச் சொல்வது அந்தப் பெண்களின் கூலியை நிறுத்தச் சொல்வதாகும். ஓட்டச் சொல்வது, அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் புகையைக் குடிக்கச் சொல்வதாகும். மாமாவின் காருக்கு இந்தக் கட்டாயம்கூட இல்லை. அவர் பஸ்ஸில் போகலாம். அது அவருக்கும் தெரியும். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எடுக்காததற்கு அதுதான் காரணமா, டீசல் விலை காரணமா என்று நான் கேட்கவில்லை.

நான் ஒன்றை மட்டும் சொல்ல முடியும். பழுது பார்க்கிறவன் திருப்பித் தருகிறவன் இல்லை. பொதுவில் உள்ள ஒரு கையிருப்பிலிருந்து எடுக்கிறவன். எடுக்காமல் பழுது பார்க்க முடியாது. தேவைக்கு மேல் எடுத்தால் பின்னால் வருகிறவனுக்குத் துரோகம். தேவைக்குக் குறைத்தால் பக்கத்தில் இருக்கிறவனுக்குத் துரோகம். இரண்டுக்கும் நடுவே சரியான அளவு எது என்பதை எந்த மானுவலும் சொல்வதில்லை. நான் முழுக்க வாசித்துப் பார்த்துவிட்டேன். எடுத்ததை எழுதிவைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. வங்கியில் பேரேட்டோடு காலம் கழிக்கிறவன் வேறென்ன சொல்வான் என்று சிரிக்கலாம். 030 போட்டவர் எவ்வளவு எடுத்தார் என்பதை பிஸ்டன் செய்த கம்பெனியின் முத்திரையிலிருந்து, கரியைச் சுரண்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஏன் எடுத்தார் என்பது தெரியவே இல்லை.

எஞ்சினைப் பூட்டி முடித்த அன்று மாமா என்னை ஒரு தாள் எடுத்து எழுதச் சொன்னார். சிலிண்டர் நாற்பது, கிராங்க் இருபது, மாதம், வருஷம். இனிமேல் கடைய இடமில்லை, ஸ்லீவ்தான், சுவரைப் பார்த்துச் செய்யவும். தமிழிலும் எழுதி ஆங்கிலத்திலும் எழுதச் சொன்னார்; வண்டி எந்தக் கைக்குப் போகுமோ தெரியாது என்றார். தாளை மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு வைத்தோம்.

மறுநாள் விடிகாலையில் கிளப்பினோம். கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து, சூடேறியதும் நின்றது. காட் ரோடு பிரிகிற இடம் வரை மெதுவாகப் போனோம். மலையில் எலிவால் அருவி ஒரு கோடாகத் தெரிந்தது. கொடைக்கானல் பாதையில் ஏறலாமா என்று கேட்டேன். ஆயிரம் கிலோமீட்டர் ஆகட்டும் என்று மாமா வண்டியைத் திருப்பினார். நான் பின்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். புகை கண்ணுக்குத் தெரியவில்லை.